பயோகேஸ் டவர்: எச்2எஸ் பெல்லட் ஆறே நாளில் தீர்கிறது, அடியில் சேறு

மூன்றாம்ஷிப்ட் (தெலுக் இந்தான், மலேசியா)

வணக்கம். செம்பனை ஆலைக் கழிவுநீரை மூடிய குளத்தில் விட்டு, அதில் வரும் கேஸில் எஞ்சின் ஓட்டுகிறோம். எஞ்சினுக்கு முன்னால் எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு) பிடிக்க, பெல்லட் என்ற சிறு உருளைகள் நிரப்பிய ஒரே ஒரு டவர். உள்விட்டம் 1.5 மீட்டர், பெல்லட் உயரம் 2 மீட்டர். பெல்லட் இரும்பு ஹைட்ராக்சைடு வகை, ஏறக்குறைய 5 மி.மீ. தடிப்பு, கொட்டிய நிலையில் கன மீட்டருக்கு 700 கிலோ.

கேஸ் மணிக்கு 500 கன மீட்டர், எச்2எஸ் 2,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2,000 பங்கு), எஞ்சின்காரர் கேட்பது 200க்குக் கீழே. குளத்திலிருந்து 120 மீட்டர் ஆறு இஞ்ச் பைப். கேஸ் டவரின் அடியில் பக்கவாட்டில் நுழைந்து மேலே போகிறது. கேஸை இழுக்கும் புளோவர் டவருக்கு அப்புறம், எஞ்சின் பக்கத்தில் இருக்கிறது.

பெல்லட் விற்றவர், தன் எடையில் 20 சதவீதம் எச்2எஸ் பிடிக்கும் என்றார். அந்தக் கணக்குப்படி 15 நாள் வரவேண்டும். ஆறாம் நாளே வெளியே 200 தாண்டிவிடுகிறது. புது பெல்லட் போட்டதும் டவருக்குக் கீழே அழுத்தம் வெளிக்காற்றைவிட மைனஸ் 7, மேலே மைனஸ் 8 மில்லிபார். ஆறாம் நாள் மேலே மைனஸ் 25. திறந்து பார்த்தால் அடி ஒரு முழம் சேறு, மேலே பெல்லட் புதுசு போலவே இருக்கிறது. டிரெயின் வால்வை ஒவ்வொரு ஷிப்டும் திறக்கிறோம். குடுகுடுவென்று சத்தம் வரும், ஒரு குவளைத் தண்ணீர் வரும், அவ்வளவுதான். அதனால் தண்ணீர்ப் பிரச்சினையாகத் தெரியவில்லை.

பெரிய பெல்லட் போட்டால் அழுத்த இழப்பு குறையுமா? இல்லை, டவரே சின்னதா? ஞாயிற்றுக்கிழமை ஆலை நிற்கும்போது மேன்ஹோல் திறந்து ஆளை இறக்கிச் சேற்றை வழிக்கப் போகிறோம்.


ஈரக்காற்று

பெல்லட் அளவை மாற்ற வேண்டாம். முதலில் கணக்கைப் பாருங்கள், குற்றவாளி தானாக வெளியே வருவான்.

டவரின் குறுக்குப் பரப்பு 1.77 சதுர மீட்டர். மணிக்கு 500 கன மீட்டர் என்றால் வெற்று டவரில் வேகம் விநாடிக்கு 0.079 மீட்டர். பெட்டின் (பெல்லட் படுகையின்) கன அளவு 3.53 கன மீட்டர், கேஸ் அதில் தங்கும் நேரம் 25 விநாடி. இனி துகள் படுகையில் அழுத்த இழப்பைச் சொல்லும், 1952இல் வந்த எர்கன் சமன்பாட்டில் போடுங்கள்: துகள் 5 மி.மீ., இடைவெளி 0.40, கேஸ் அடர்த்தி 1.09, பாகுத்தன்மை 0.000013 பாஸ்கல் விநாடி. உராய்வுப் பங்கு மீட்டருக்கு 35 பாஸ்கல், வேகப் பங்கு 22. இரண்டு மீட்டருக்கு மொத்தம் 113 பாஸ்கல், அதாவது 1.1 மில்லிபார். நீங்கள் முதல் நாள் பார்த்த 1 மில்லிபார் அதுதான். பெட் சரியாகவே நிரப்பப்பட்டிருக்கிறது. ஆறாம் நாள் வந்த 18 மில்லிபாரில் பெல்லட்டின் பங்கு அதே 1. மீதி 17 முழுக்க அந்த ஒரு முழச் சேறு. பெல்லட்டை 8 மி.மீ. ஆக்கினால் அந்த 1 பாதியாகும், 17 அப்படியே நிற்கும். போதாததற்குப் பெரிய பெல்லட்டின் உள்ளுக்குள் எச்2எஸ் ஊடுருவ நேரம் கூடுதலாகப் பிடிக்கும், இப்போது கிடைக்கும் ஆறு நாளும் குறையும்.

சரி, சேறு ஏன்? குளத்திலிருந்து கிளம்பும் கேஸ் 40 டிகிரியில் முழு ஈரத்தோடு கிளம்புகிறது என்று வையுங்கள். கன மீட்டருக்கு 51 கிராம் நீராவி. ராத்திரி மழையில் 120 மீட்டர் பைப்பில் 30 டிகிரிக்கு ஆறினால் 30 கிராம்தான் தங்கும். வித்தியாசம் 21 கிராம். மணிக்கு 10 லிட்டர், நாளுக்கு 250 லிட்டர். அதில் பாதி பைப் சரிவில் குளத்துக்கே திரும்பினாலும் மீதி எங்கே போகிறது? உங்கள் டவருக்குள்தான்.

டிரெயினில் தண்ணீர் வராததுதான் சாட்சி. அந்த இடத்தில் டவர் மைனஸ் 7 மில்லிபாரில் நிற்கிறது. அது 70 மி.மீ. தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கும் இழுவை. உறிஞ்சுகுழாயில் வாய் வைத்து இழுத்தபடி இருந்தால் தண்ணீர் கீழே இறங்குமா? வால்வைத் திறக்கும்போது கேட்கும் குடுகுடு, வெளிக்காற்று உள்ளே ஏறும் சத்தம். 70 மி.மீ.க்கு மேல் சேர்ந்தது மட்டும் ஒரு குவளையாக வருகிறது. கீழே எப்போதும் 120 லிட்டர் போலத் தண்ணீர் நிற்கிறது என்பது என் கணிப்பு. ஆறு இஞ்ச் வாயில் விநாடிக்கு 7.9 மீட்டர் வேகத்தில் வரும் கேஸ் அந்தத் தண்ணீர் மேல் சீறிப் பாய்ந்து, துளியை அள்ளி அடிப் பெல்லட்டில் அடிக்கிறது. இந்தப் பெல்லட் ஈரக்காற்றைத் தாங்கும், சொட்டுத் தண்ணீரைத் தாங்காது. ஒட்டுப்பொருள் கரைந்து குழைந்துவிடும்.

சீக்கிரம் தீர்வதற்கும் அதே வாய் காரணம். 7.9 மீட்டர் வேகத்தின் தாக்கம் 34 பாஸ்கல். பெட்டின் மொத்த எதிர்ப்பே 113. கேஸ் பரவலாகப் போக, பெட்டின் இழப்பு நுழைவாயின் தாக்கத்தைவிடப் பத்து மடங்காவது இருக்கவேண்டும். உங்களிடம் மூன்றே கால் மடங்குதான். அதனால் எதிர்ச் சுவர் ஓரம் அதிகம் போகும், நுழைவாய்ப் பக்கம் குறையும். சேறு வந்தபின் இன்னும் மோசம், சேறு இல்லாத பொத்தல் வழியே எல்லாம் ஓடும். கடைசி அரை மீட்டர் நுழைவாயை பத்து இஞ்ச் ஆக்கினால் வேகம் 2.8 மீட்டர், தாக்கம் 4 பாஸ்கல்தான். அப்போது 25 மடங்குக்கு மேல் கிடைக்கும். ஒரு வெல்டருக்கு அரை நாள் வேலை.

செய்யவேண்டிய வரிசை: டவருக்கு முன் தண்ணீர் பிரிக்கும் பானை ஒன்று, அதற்கடுத்து புளோவர், அதற்கடுத்து டவர். புளோவரை முன்னால் கொண்டுவந்தால் இரண்டு லாபம். அழுத்தும்போது கேஸ் சில டிகிரி சூடாகும். 30 டிகிரியில் நிறைந்த கேஸ் 36 ஆனாலே ஈரப்பதம் 71 சதவீதத்துக்கு இறங்கிவிடும், சொட்டாது. சில்லர் வாங்கி ரொம்பக் காயவைக்காதீர்கள், இந்த வினைக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும், காய்ந்த பெல்லட் மந்தமாகிவிடும். இரண்டாவது லாபம், டவர் இழுவையில் இல்லாமல் தள்ளலில் இருக்கும். கேஸ்கெட் கசிந்தால் காற்று உள்ளே போகாது. ஆனால் கேஸ் வெளியே வரும், அதனால் டவர் பக்கத்தில் நிலையான எச்2எஸ் டிடெக்டர் கட்டாயம்.

பானையின் டிரெயினுக்கு வால்வை நம்பாதீர்கள், தண்ணீர்ப் பூட்டு (தண்ணீர் நின்று கேஸை மறிக்கும் வளைகுழாய்) வையுங்கள். பானை புளோவருக்கு முன்னால் இழுவையில் இருப்பதால், புளோவர் உச்சமாக இழுக்கக்கூடியது 60 மில்லிபார் என்றால் பூட்டில் 600 மி.மீ. உயரத் தண்ணீரே எல்லை. 900 வையுங்கள். புளோவருக்குப் பின்னால் டவரின் டிரெயின் தள்ளலில் இருக்கும். அங்கே புளோவரின் உச்ச அழுத்தம் 100 மில்லிபார் என்றால் ஒரு மீட்டர் எல்லை, ஒன்றரை மீட்டர் போடுங்கள். குறைத்தால் ஒரு நாள் தண்ணீரைத் தள்ளிவிட்டுக் கேஸ் வெளியே வந்துவிடும்.


சல்லடை

மேலே அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஒண்ணு சேர்த்துக்குங்க: கேஸை மேலிருந்து கீழா விடுங்க. கீழிருந்து மேலே போனா முதல்ல கெடுறது அடித்தட்டு, அதை எடுக்க மொத்த பெல்லட்டையும் இறக்கணும். மேலிருந்து வந்தா கெடுறது மேல்தட்டு. மேல் மேன்ஹோல் வழியா 200 மி.மீ. எடுத்துட்டுப் புதுசு போட்டா போதும். சொட்டுற தண்ணியும் கேஸ் போற திசையிலேயே இறங்கி வடிஞ்சிடும்.

அடித்தாங்கி எப்படி இருக்குன்னு நீங்க சொல்லல. துளைத்தகட்டு மேல நேரா பெல்லட் கொட்டியிருந்தா அதையும் மாத்துங்க. தகட்டு மேல 25 மி.மீ. பீங்கான் உருண்டை 75 மி.மீ. உயரத்துக்கு, அது மேல 12 மி.மீ. உருண்டை இன்னொரு 75, அப்புறம் 2 மி.மீ. கண்ணுள்ள ஸ்டெயின்லஸ் வலை, அது மேல பெல்லட். ஹார்ட்வேர் கடையில விக்கிற துத்தநாகம் பூசின வலை வாங்கி மலிவா முடிக்கலாம்னு நினைக்காதீங்க, எச்2எஸ் அதைத் தின்னுடும். வலை கிழிஞ்சா பெல்லட் தூள் கீழே பைப்புல போய் அடைக்கும்.

நிரப்பும்போது மேன்ஹோல்ல மூட்டையைக் கவிழ்த்துக் கொட்டாதீங்க. நடுவுல கூம்பு மாதிரி விழும், தூள் நடுவுல தங்கிடும், பெருசு உருண்டு சுவர்ப் பக்கம் போயிடும். கேஸ் சுவர் ஓரமா ஓட அதுவே போதும். கேன்வாஸ் குழாய் தொங்கவிட்டு, வாயைப் பெட்டுக்கு அரை மீட்டருக்கு மேல உயர்த்தாம, சுத்திச் சுத்தி நிரப்புங்க. ஒவ்வொரு அரை மீட்டருக்கும் பலகையால மட்டம் தட்டுங்க. கொட்டுறதுக்கு முன்ன 2 மி.மீ. சல்லடையில சலிச்சா இன்னும் நல்லது.

டவர்ல மூணு உயரத்துல அரை இஞ்ச் சாம்பிள் குழாய் போட்டா அப்புறம் ஊகமே வேணாம். ஒவ்வொரு உயரத்துலயும் ஒண்ணு நடு மையம் வரைக்கும், இன்னொண்ணு சுவர்லருந்து 5 செ.மீ. ஒரே உயரத்துல டிடெக்டர் டியூப் (எச்2எஸ் அளவைக் காட்டுற கண்ணாடிக் குழாய்) நடுவுல 300ம் ஓரத்துல 1,200ம் காட்டினா கேஸ் ஓரமா திருட்டு வழி போகுதுன்னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணாவே ஏறுனா பெல்லட் நிஜமாவே தீர்ந்துபோச்சு.


மூன்றாம்ஷிப்ட்

நன்றி. புளோவரை நிறுத்தி, குளத்துப் பக்க வால்வை மூடி டிரெயினைத் திறந்தோம். கறுப்புத் தண்ணீர் இரண்டு டிரம்மில் முக்கால் முக்கால் பிடித்தது. இதைப் பார்த்தபிறகு பெல்லட் விற்றவரோடு சண்டைக்குப் போகவில்லை. நுழைவாய் பத்து இஞ்ச், பானை, புளோவர் இடமாற்றம் மூன்றுக்கும் பட்டறையில் விலை கேட்டிருக்கிறோம்.

மீதி இரண்டு கேள்வி. இதெல்லாம் சரிசெய்தால் 15 நாள் முழுசாக வருமா? ஞாயிறு சேறு எடுக்கும் வேலையில் என்ன கவனிக்கணும்?


ஜேகேகேபி_ஃபைல்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில், ஏனென்றால் ஞாயிறு வந்துவிடும். நீங்கள் எழுதியிருக்கும் முறையில் ஆளை இறக்கவே கூடாது.

உள்ளே இருப்பது இரும்பு சல்பைடு. காற்று பட்டால் திரும்ப ஆக்சைடாகி கந்தகத்தை விடும், அதில் சூடு கிளம்பும். பிடித்த எச்2எஸ் ஒரு மோலுக்கு ஏறக்குறைய 198 கிலோஜூல். உங்கள் டவர் நாளுக்கு 33 கிலோ வீதம் ஆறு நாளில் 200 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்திருக்கும். அத்தனையும் ஒரே மூச்சில் ஆக்சைடானால் வெளிவரும் சூடு 32 லிட்டர் டீசல் எரிந்ததற்குச் சமம். மேன்ஹோல் இரண்டையும் திறந்துவிட்டால் டவரே புகைபோக்கியாகிக் காற்றை இழுக்கும், கந்தகம் பற்றிக்கொள்ளும். சேறு ஈரமாக இருக்கும்வரை அடங்கியிருக்கும். மேலே காய்ந்த பெல்லட்தான் ஆபத்து.

வால்வை மட்டும் மூடி நம்பக்கூடாது, இரண்டு பக்கமும் பிளேஞ்சுக்கு இடையில் குருட்டுத் தகடு போடவேண்டும். அடுத்து நைட்ரஜன். டவரின் உள் கன அளவு 5 முதல் 6 கன மீட்டர் இருக்கும். ஐந்து மடங்கு தள்ளினால் 28 கன மீட்டர். பெரிய சிலிண்டர் ஒன்றில் 7 கன மீட்டர் வரும், நான்கு சிலிண்டர். மீத்தேன் வெடிக்கும் எல்லை காற்றில் 5 முதல் 15 சதவீதம், அதனால் மீட்டரில் மீத்தேன் அடங்கியபின்தான் மேன்ஹோல் நட்டில் கைவைக்கவேண்டும். பிறகு மேலிருந்து சோடா சாம்பல் கரைத்த தண்ணீரைத் தெளித்துப் பெட் முழுவதையும் நனைக்கவேண்டும். டவரை முழுக்கத் தண்ணீரால் நிரப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால், முதலில் கால்களையும் அஸ்திவாரத்தையும் பாருங்கள். கேஸுக்கென்று கட்டிய டவர் ஐந்து டன் தண்ணீரைத் தாங்கும் என்று எந்த உறுதியும் கிடையாது.

முடிந்தவரை ஆள் இறங்காமல் பக்கவாட்டு மேன்ஹோல் வழியே நீண்ட பிடி மண்வெட்டியால் இழுங்கள், அல்லது உறிஞ்சும் லாரி கூப்பிடுங்கள். இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால் அது மூடிய இடத்து வேலை. 2010ஆம் ஆண்டு தொழில்துறை நடைமுறை விதி பொருந்தும்: பயிற்சிச் சான்றுள்ள கேஸ் சோதனையாளர், நுழைய அனுமதி பெற்றவர், வெளியே ஒரு காவல் ஆள், எழுத்தில் பெர்மிட், மூச்சுக்கருவி. எச்2எஸ் 100 பிபிஎம் உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்த அளவு. அதே அளவில்தான் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்பது சாவுக்கு வழி.

எடுத்ததை சிமெண்டுத் தரையில் 15 செ.மீ.க்கு மேல் போகாமல் பரப்பி, ஈரம் காயாமல் தெளித்து, நாளுக்கு இரண்டு முறை புரட்டிவிடுங்கள். சூடு எழுவது நிற்கும்வரை மூட்டை கட்டவோ மூடிய தொட்டியில் போடவோ கூடாது. முக்கியமாக ஆலையில் நார்க் குவியலும் ஓட்டுக் குவியலும் எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். வடியும் தண்ணீர் அமிலம், தோட்டத்து வாய்க்காலில் விடாதீர்கள். தீர்ந்த பெல்லட் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளில் எந்தக் குறியீட்டில் வரும் என்பதைச் சுற்றுச்சூழல் இலாகாவிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மரத்தடியில் கொட்டும் பழக்கம் வேண்டாம்.


ஈரக்காற்று

ஞாயிறு வேலைக்கு மேலே சொன்னதை வரி விடாமல் பின்பற்றுங்கள், தம்பி.

15 நாள் வருமா என்றால், ஒரே டவரில் வராது. பெட்டில் கேஸ் நுழையும் பக்கம் தீர்ந்த பகுதி, வெளியேறும் பக்கம் புது பகுதி, இரண்டுக்கும் நடுவே வினை நடக்கும் பட்டை ஒன்று உண்டு. அந்தப் பட்டையின் முன்விளிம்பு வெளிவாயைத் தொட்டதும் 200 தாண்டிவிடும், பட்டைக்குள் பாதி பெல்லட் வேலை செய்யாமல் கிடக்கும். 2 மீட்டர் 15 நாளுக்குச் சமம் என்றால், இப்போதைய 6 நாளில் 0.8 மீட்டர்தான் பயன்பட்டது, 1.2 மீட்டர் வீண். தண்ணீரும் நுழைவாயும் சரியானால் வீண் 0.6 மீட்டருக்கு இறங்கும் என்று வைத்தாலும் பத்தரை நாள்தான். அதே அளவு இன்னொரு டவரைத் தொடராகப் போட்டால் முதல் டவரை முழுக்கத் தீரவிடலாம். முதல் டவரின் வெளிவாய் எச்2எஸ் அளவு உள்வாய் எச்2எஸ் அளவை எட்டும்போது பெல்லட் மாற்றி, இரண்டாவதை முதலாக்கி, புதுசைப் பின்னால் வையுங்கள். தங்கும் நேரமும் 51 விநாடி ஆகும்.


நிரப்புகோபுரம்

தொடர் டவர் நல்ல யோசனைதான், ஆனால் காசைப் பாருங்கள். நாளுக்கு 33 கிலோ எச்2எஸ், 20 சதவீதம் முழுசாகக் கிடைத்தாலும் நாளுக்கு 165 கிலோ பெல்லட். வருஷத்துக்கு 300 நாள் ஓடினால் ஐம்பது டன். அத்தனையும் வாங்கவேண்டும், அத்தனையும் கழிவாகவும் போகவேண்டும். 2,000 பிபிஎம்மை பெல்லட்டால் மட்டும் பிடிப்பது எனக்கு ஒப்பவில்லை. எச்2எஸ்ஸைத் தின்னும் பாக்டீரியா வளர்க்கும் நுண்ணுயிர் டவர் ஒன்று முன்னால் 200 வரைக்கும் இறக்கட்டும், பெல்லட் கடைசி மெருகுக்கு இருக்கட்டும். அப்போது பெல்லட் செலவு பத்தில் ஒன்று.

அளவு: ஒரு கன மீட்டர் நிரப்புப் பொருளுக்கு மணிக்கு 50 கிராம் எச்2எஸ் என்று தாராளமாக எடுங்கள். உங்கள் மணிக்கு 1,370 கிராமுக்கு 27 கன மீட்டர் வரும். 2.2 மீட்டர் விட்டம், 7 மீட்டர் உயரம். உள்ளே 50 மி.மீ. பிளாஸ்டிக் வளையம். அதற்குச் சின்னதைப் போட்டால் கந்தகம் அடைத்துவிடும். சுற்றும் தண்ணீரின் பிஎச் 1 முதல் 2 வரை இறங்கும், அதனால் டவரும் பைப்பும் அமிலம் தாங்கும் பிளாஸ்டிக் வகைகளான எஃப்ஆர்பி அல்லது எச்டிபிஇ. கார்பன் ஸ்டீல் பக்கமே போகக்கூடாது. சத்துக்குக் கடைசிக் குளத்துத் தண்ணீரே போதும், நம்ம ஊர் வெப்பத்தில் ஹீட்டர் வேண்டாம்.

காற்று கொடுப்பதில்தான் பலரும் சறுக்குவது. எச்2எஸ் முழுக்க அமிலமாக ஒரு மோலுக்கு இரண்டு மோல் ஆக்சிஜன் வேண்டும். உங்களுக்கு மணிக்கு 2 கன மீட்டர் ஆக்சிஜன், அதாவது 9.5 கன மீட்டர் காற்று. நடைமுறையில் 20 முதல் 25 கொடுக்கவேண்டி வரும். கஞ்சப்பட்டால் வினை பாதியில் நின்று மஞ்சள் கந்தகம் வளையத்தில் படியும், சில மாதத்தில் அழுத்த இழப்பு ஏறும். அள்ளிக் கொடுத்தால் நைட்ரஜன் சேர்ந்து எஞ்சினின் சக்தி குறையும்.


மூன்றாம்ஷிப்ட்

நுண்ணுயிர் டவருக்கு இந்த வருஷ பட்ஜெட்டில் இடமில்லை. அதுவரை இருக்கும் பெல்லட் டவருக்குள்ளேயே கொஞ்சம் காற்று விட்டால் பெல்லட் தானே புதுப்பித்துக்கொள்ளும் என்கிறார்களே, அது பாதுகாப்பா?


ஈரக்காற்று

செய்யலாம், அளவோடு. கந்தகமாக மட்டும் மாற ஒரு எச்2எஸ்ஸுக்கு அரை ஆக்சிஜன் போதும். 2,000 பிபிஎம்முக்கு 0.1 சதவீத ஆக்சிஜன், மணிக்கு 2.4 கன மீட்டர் காற்று. இரு மடங்காக 4.8 கொடுத்தாலும் மொத்த கேஸில் காற்று ஒரு சதவீதம்தான், வெடிக்கும் எல்லைக்குக் கிட்டேயும் வராது.

கவனிக்கவேண்டியது சூடு. பிடிப்பதும் புதுப்பிப்பதும் சேர்ந்து மோலுக்கு 220 கிலோஜூல். உங்கள் ஓட்டத்தில் அது இரண்டரை கிலோவாட். அத்தனையும் கேஸோடு போனால் கேஸ் 12 டிகிரி சூடாகும். 36இல் நுழைந்தது 48இல் வெளியேறும். பெட் 50 தாண்டக்கூடாது என்பதால் அதுவே விளிம்பு. எச்2எஸ் 4,000க்கு ஏறும் நாளில் இதே முறை 24 டிகிரி கூட்டிவிடும், அன்றைக்குக் காற்றை மூடிவிடவேண்டும். கேஸ் ஓட்டம் குறைந்த நேரத்தில் காற்று மட்டும் அதே அளவு போய்க்கொண்டிருந்தாலும் அதே கதி. அதனால் காற்றுக் கம்ப்ரஸரை கேஸ் புளோவரோடு இன்டர்லாக் செய்யுங்கள்: புளோவர் நின்றால் காற்று நிற்கவேண்டும், கேஸ் ஓட்டம் 300க்குக் கீழே போனால் நிற்கவேண்டும், பெட்டுக்குள் மூன்று உயரத்தில் வைத்த தெர்மோகப்பிளில் (சூடு அளக்கும் கம்பியில்) ஏதாவது ஒன்று 50 காட்டினால் நிற்கவேண்டும், வெளிவாய் ஆக்சிஜன் 1 சதவீதம் தாண்டினாலும் நிற்கவேண்டும். காற்றுப் பைப்பில் ஒருவழி வால்வு இரண்டு. புதுப்பித்தாலும் கந்தகம் பெல்லட்டின் நுண்துளையில் தங்கிக்கொண்டேதான் போகும், அதனால் பெல்லட் மாற்றும் நாள் தள்ளிப்போகுமே தவிர வராமல் போகாது. டவரை இழுவையிலிருந்து தள்ளலுக்கு மாற்றி முடிக்கும்வரை இதைத் தொடங்க வேண்டாம், இப்போது டிரெயின் வழியாக எவ்வளவு காற்று ஏறுகிறது என்பதே உங்கள் கணக்கில் இல்லை.